கழுவிக் கொடுத்த குடல்கள்

கீதா அக்கா இறந்த செய்தி வந்தபோது, அவருக்காக மீன் குடல் எடுத்து வைக்கும் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் வண்டி அண்ணாச்சிதான் சொன்னார்: "ஏளா, புழு டீச்சர் தவறிட்டாவளாம். மூணு நாள் காய்ச்சலாம்." திங்கட்கிழமை வருகிறேன் என்று போனவர். அன்று திங்கட்கிழமை. பெட்டியை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

நீங்கள் அவருடன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் மீன்பிடித் துறைமுகத்தில் அம்மாவுடன் மீன் அறுத்துக் கொடுப்பவள். இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. எழுதித் தருகிறேன். யாராவது கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

முதல் நாள், அக்கா தானே அறுப்பதாகச் சொல்லி ஒரு விளமீனை வாங்கினார். செதில் என் முகத்தில் தெறித்தது, குடல் இரண்டாகக் கிழிந்தது. அம்மா கேட்டாள்: "எந்த ஊரு நீங்க?"

"ஓட்டப்பிடாரம்."

"அதான். பருத்தி பறிக்க மாதிரில்லா பறிக்கீக."

அக்கா சிரித்துக்கொண்டே கத்தியை என்னிடம் தந்தார். "விளமீன் குடல் மட்டும் எடுத்து வைளா. எந்தப் பார்ல புடிச்சதுன்னு பையில எழுதிரு." பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. எழுதுவதற்குத் தன் கறுப்பு மார்க்கரைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மீனுக்குள் புழுவைக் கண்டால், வாங்க வந்தவர் பார்ப்பதற்குள் கத்தி நுனியால் வழித்துவிட வேண்டும். "புழுவப் பாத்தா ஆளு திரும்ப வராது" என்பாள் அம்மா. படித்த அக்காவுக்கு அழுக்குக் குடலையா கொடுப்பது என்று, குருணை போல ஒட்டியிருந்த வெள்ளை முடிச்சுகளை வழித்தெறிந்து, மூன்று தண்ணீரில் அலசிப் பையில் போட்டேன். அந்த மாதம் முழுக்கத் தெற்குப் பார் மீன்தான் வந்தது.

பிறகு காற்று மாறி, படகுகள் வடக்கே போயின. ஒரு நாள் நான் வழிக்கத் தவறிய முடிச்சு ஒன்று அக்கா கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு உடம்பு கூசியது. அவரோ தங்கம் கிடைத்தவர் போலப் பார்த்தார். "இது குட்டிப் புழுளா. இந்த மீனைத் திருக்கை தின்னு, அது வயித்துக்குப் போனாத்தான் வளந்து முட்டையிடும். அப்ப இது இருந்தா, அங்கன திருக்கை இருக்குன்னு அர்த்தம். எனக்குப் புழு இல்லன்னாதான் பயம்."

அன்றோடு அலசுவதை நிறுத்தினேன். அதுவரை அலசிக் கொடுத்ததை அக்காவிடம் சொல்லவில்லை.

கடைசியாக வந்த அன்று நோட்டைத் திறந்து காட்டினார். தெற்குப் பாருக்கு நேரே எல்லாம் சுழி, ஒரு புழுகூட இல்லை. "அங்கன திருக்கை அத்துப்போச்சு போல. காப்பாத்த வேண்டிய இடம்னு சர்க்காருக்கு அனுப்புத பட்டியல்ல இருந்து அதை எடுக்கணும். இல்லாததை எப்படிளா காப்பாத்தச் சொல்ல?" அவர் முகம் வாடியிருந்தது. அது என் கை செய்த வேலை என்று சொல்ல வாய் வரை வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள், வாங்க வந்தவர்கள் நின்றார்கள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி வந்த அன்றிலிருந்து தூங்கப் படுத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அக்காவின் நோட்டு உங்களிடம் இருக்கிறது. அந்தச் சுழிகளை அடித்துவிடுங்கள். அவை அக்காவின் தப்பு இல்லை, கடலின் கணக்கும் இல்லை. நான் அலசியது. தெற்குப் பாரை எடுத்துவிட்டுப் பட்டியலை அனுப்பாதீர்கள்.

மார்க்கர் என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். இன்று காலை தெற்குப் பாரிலிருந்து ஒரு படகு வந்தது. முதல் விளமீனிலேயே முடிச்சு இருந்தது. அம்மா பார்த்தாள், அடுத்த மீனை எடுத்தாள். நான் வழிக்கவில்லை. பையில் ஊர்ப் பெயர் எழுதுவதுபோலத் தெளிவாகத் 'தெற்குப் பார்' என்று எழுதி, ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். உங்களில் ஒருவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.