வெட்டினால்தான் உள்ளே போகலாம்

ஜூலை 14, ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆம்பூர் கடைவீதியில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் வந்த புதுத்தோல் வாசனை 1978 கோடை விடுமுறைக்கு இழுத்துச் சென்றது.

அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரே ஜோடி செருப்பு ஸ்டெல்லா அக்கா, சித்தி மகள் ரூபி, நான் மூவருக்கும் பொருந்தியது. தாயத்தில் ஜெயிப்பவருக்கு என்றார். கழிவுத்தோலில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். யார் ஜெயித்தாலும் வாரம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், ஒருவரையொருவர் வெட்டக் கூடாது என்று அக்காவும் நானும் ரகசியமாகப் பேசிக்கொண்டோம். ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது என்பதை யோசிக்கவில்லை. ரூபி ஆரம்பத்திலேயே என் காயை வெட்டிவிட்டு எல்லாக் காய்களோடும் உள்ளே போய்விட்டாள். வெளியே எங்கள் காய்கள் மட்டுமே மிஞ்சின.

அக்காவுக்கு மூன்று விழுந்தது. மூன்றாம் கட்டத்தில் என் காய் இருந்தது.

"அக்கா, வெட்ட மாட்டேன்னு சொன்னியே."

"இன்னாடி பண்றது? உன்ன வெட்டலன்னா ரூபி ஜெயிச்சிட்டுப் போய்டுவா."

வெட்டினாள், ஜெயித்தாள். வாரம் மாற்றும் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை. நான் அழவில்லை. வெட்டுப்பட்ட காயை மறுபடி ஏற்றி, கடைசிவரை ஆடித்தான் எழுந்தேன்.

செருப்பு வாங்கிய மறுநாள், திங்கள் காலை முதல் வேலையாகக் காட்பாடியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, சனிக்கிழமை ரூபியக் கூட்டிட்டு வா. புதுச் செருப்பு ஒண்ணு வாங்கியிருக்கேன். தாயத்துல ஜெயிச்சவங்களுக்கு. இந்த வாட்டி உன்கூட ரகசியப் பேச்சு கெடையாது."