அம்மன் கொடுத்த தூக்கம்

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்திருக்கும் அக்காமார்களே, தங்கைமார்களே, ஊரை விட்டு வந்து நாம் பிழைக்கும் இந்தக் கட்கியில் நம் மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நன்றியோடு குமட்டலும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் தர்ஷினி பிறந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம். பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் வந்து, குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனை ஒன்றை வைத்துப் பார்த்தார். இரண்டு காதுமே பாஸ் ஆகவில்லை என்றார். சில குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் காதுக்குள் தண்ணீர் நிற்கும், பயப்படாதே, ஆனால் கட்டாயம் மறுபடி கூட்டிக்கொண்டு வா என்று இந்தியில் சொன்னார். என் மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் தண்ணீர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுபடி வா என்றதை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டுக் கச்சேரி தொடங்கியது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள். ஒருவர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிப்பார். ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டுவார். என் நாத்தனார் குக்கர் மூடியைக் கட்டிலின் கால் மேலேயே போட்டார். கட்டில் அதிர்ந்தது, பிள்ளை உடம்பைத் தூக்கிப் போட்டாள். "பாரு, கேக்குது. சும்மா பயமுறுத்துறானுங்க" என்று சிரித்தார்கள். டீ குடித்துவிட்டு இன்னொரு தடவை தட்டினார்கள். பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் அப்படி அடித்து வேடிக்கை பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர்கள் குடித்த கிளாஸைக் கழுவக்கூட எனக்குக் கை கூசியது.

நான் சண்டை போட்டுத்தான் மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். அப்போதும் பாஸ் ஆகவில்லை. காதுக்கென்று இருக்கும் மேடம் பொறுமையாகச் சொன்னார். தட்டைத் தட்டிப் பார்ப்பது பரிசோதனை இல்லை, குழந்தை கையின் நிழலைப் பார்த்துத் திரும்பும், அதிர்வுக்கும் திடுக்கிடும் என்றார். பெரிய பரிசோதனை செய்ய வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுத்து, அந்தச் சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பார்களாம். மூன்று மாதத்துக்குள் தெரிந்துகொண்டு ஆறு மாதத்துக்குள் கருவி மாட்டிவிட்டால் பிள்ளை பேச வாய்ப்பு அதிகம், தள்ளிப்போடாதே என்றார். ஒரே நிபந்தனை, அது முடியும் வரை குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். வரும் வழியில் தூங்கவிடாதே, பசியோடு கொண்டு வா, இங்கே வந்து பால் கொடு, தானாகத் தூங்கும் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் தடவை மாமியார் கூட வந்தார். ஆட்டோவில் பிள்ளை அழுதாள். "இன்னா கல் மனசுடி உனக்கு" என்று என் மடியிலிருந்து பிடுங்கி, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் போய் இறங்கியதும் பிள்ளை விழித்துக்கொண்டு கொட்டக் கொட்டப் பார்த்தாள். அன்று நடக்கவில்லை. அடுத்த தடவை தூங்கினாள், ஆனால் நெற்றியைத் துடைத்து வயர் ஒட்டும்போதே எழுந்து வீறிட்டாள். அன்றும் நடக்கவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். "ரெண்டு வாட்டி தடுத்துட்டா பாரு, அம்மனுக்கே இஷ்டம் இல்ல. வெள்ளிக் காது ஒண்ணு சாத்தறேன்னு வேண்டிக்கிட்டேன், அது போதும். நம்ம வூட்ல எல்லாம் லேட்டாத்தான் பேசும். உன் புருஷனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் மாமியார். போசரியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா சொல்றதும் சரிதானே" என்றார். எனக்கு வெறுத்துப் போய்விட்டது. தங்கள் பயத்தைத் தூக்கி அம்மன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்களே என்று இருந்தது. அன்று நானும் கொஞ்சம் உடைந்துதான் போனேன். ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம் இந்தக் கோயிலுக்குத்தான் வந்தேன். இவள் காதைத் திற என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது, பயமும் இருந்தது. தாயே, இவளைத் தூங்க வை, எனக்கு உண்மை தெரியணும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்டேன். அழுகை நின்ற பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த தடவை யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் அவள் கண் சொருகும்போதெல்லாம் ஈரத்துணியால் உள்ளங்காலைத் தேய்த்தேன். அவள் வீறிட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "கைசி மா ஹை தூ" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் திட்டினார். நீயெல்லாம் ஒரு தாயா என்றுதான் அர்த்தம். நான் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் பால் கொடுத்தேன். பாதி குடிக்கும்போதே தூங்கிப் போனாள். நெற்றியைத் துடைத்தார்கள், அசையவில்லை. வயர் ஒட்டினார்கள், அசையவில்லை. ஒரு காது முடிந்து, தலையை மெதுவாகத் திருப்பி அடுத்த காதுக்கு மாற்றினார்கள். நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. எல்லாம் முடிந்து வயரை எடுத்த பிறகும் தூங்கிக்கொண்டே இருந்தாள். அந்தத் தூக்கம் அம்மன் கொடுத்தது. இதை யாரும் என்னிடம் மறுத்துப் பேச முடியாது.

மேடம் விஷயத்தைச் சொன்னார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு, இது தண்ணீர் இல்லை, தானாகச் சரியாகாது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அவர் முதலிலிருந்து மறுபடி சொன்னார். புரிந்துதான் கும்பிட்டேன். வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். எழுந்ததும் கருவிக்கு அளவெடுக்க எப்போது வரணும் என்று உள்ளே போய்க் கேட்டேன்.

ஆறு மாதம் ஆகும் முன்னே இரண்டு காதிலும் மாட்டியாகிவிட்டது. அதன் பிறகு வாராவாரம் பேச்சுப் பயிற்சி. கருவியைப் பிடுங்கி வாயில் வைப்பாள், கட்டிலுக்கு அடியில் வீசுவாள், அதையெல்லாம் பட்டுத்தான் வந்தோம். இப்போது கூப்பிட்டால் திரும்புகிறாள். கொஞ்சம் சொற்கள் வருகின்றன. முதலில் தெளிவாக வந்தது "போ". யாரிடம் கற்றாள் என்று கேட்காதீர்கள். மாமியார்தான் இப்போது பேட்டரி மாற்றுகிறார். அதற்காக என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக் காதையும் சாத்தினார், நான் தடுக்கவில்லை.

இனி சொல்லப் போவதை, பூஜை நடத்தும் அக்காவை வைத்துக்கொண்டே சொல்கிறேன். போன வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாட்சி சொல்ல வரும்போது பாப்பாவுக்கு அந்த மெஷினக் கழட்டிட்டு ஒரு குல்லா போட்டு எடுத்துட்டு வா கலா. வெள்ளிக் காது சாத்தினதும் காது தொறந்துச்சுன்னு சொல்லு. நாலு பேருக்கு நம்பிக்கை வரும்" என்றார்.

அக்கா, அதைக் கழற்றினால் நான் சொல்வது என் பிள்ளைக்கே கேட்காது. அவளைச் செவிடாக்கி இங்கே உட்கார வைத்து, காது திறந்தது என்று சொல்ல வேண்டுமா? அம்மன் செய்தது உங்களுக்குப் போதவில்லையா? நம் அம்மனுக்குப் பொய்யா துணை? இதைவிடக் கேவலமான ஒன்றை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பாருங்கள், மொட்டைத் தலையில் இரண்டு கருவியும் பளிச்சென்று தெரிகிற மாதிரித்தான் இவளைத் தூக்கி வந்திருக்கிறேன்.

இத்தனை கோபம் ஏனென்றால், போன வாரமே இங்கே ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். யாரென்று சொல்ல மாட்டேன். அவள் குழந்தையும் அந்த முதல் சோதனையில் பாஸ் ஆகவில்லை. "அக்கா, நாங்களும் வெள்ளிக் காது சாத்தினா போதுமா?" என்றாள்.

போதாது, தங்கச்சி. சாத்து, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னைப் போலவே நம்பிக் கேள், அம்மன் கைவிட மாட்டாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு, நானும் உன்னோடு வருகிறேன். உன் வீட்டில் யார் தடுத்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். உன் பிள்ளைக்கு அந்த முதல் மூன்று மாதம் திரும்ப வராது. அம்மன் எங்கேயும் போய்விட மாட்டாள், வந்து கும்பிட்டுக்கொள்ளலாம்.