மெழுகுதிரி ஏற்றப்பட்ட பகிடி மரியான்

1. முதல் மெழுகுதிரி

நாற்பது வருடமாக நான் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்கும் படகுகளுக்கும்தான் பெயின்ற் அடித்தேன். படகிலும் அந்தோனியாரைக் கீறச் சொல்லித்தான் கேட்பார்கள். அதனால், குருநகரில் ஒரு தெருமதிலில் பகிடி மரியானைக் கீறுவீரோ என்று ஊர்ச்சனம் கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்றேன். புனிதரைக் கீறுகிறவனுக்கு மனிசனைக் கீறுவது பெரிய வேலையோ என்ற திமிர்.

மரியான் அண்ணையை இங்கே தெரியாதவர் இல்லை. கலியாணவீடு, பெருநாள், விளையாட்டுப் போட்டி, எங்கே மைக் இருந்ததோ அங்கே அவர் நின்று பகிடி சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தார். அவர் இறந்து முப்பத்தோராம் நாளன்று ஓவியத்தைத் திறக்க ஏற்பாடு. மனைவி ரீற்றா அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வீட்டிலை அழுது முடிச்சாச்சு தம்பி. றோட்டாலை போற சனமாவது அவரைப் பார்த்துச் சிரிக்கவேணும். செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கீறிப்போடாதையும்."

அவருடைய ஒரு படத்தில் கட்டம் போட்டு, மதிலில் பெருப்பித்து, திறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் முகத்தை முடித்து ஏணியால் இறங்கினேன். மீன் விற்கும் சிசிலியா அக்கா தலையிலிருந்த கடகத்தை இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, மதிலடியில் மெழுகுதிரி ஏற்றினார்.

"இவர் எந்தப் புனிதர் தம்பி? புதுசோ?"

"அக்கா, இது எங்கடை மரியான் அண்ணை."

அவர் மதிலைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார். "சரி, ஏத்தினது ஏத்தினதுதான்" என்று கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஐயோ, கண் இரண்டும் வானத்தை நோக்கி. வாய் மூடியபடி ஒரு மெல்லிய சிரிப்பு. இடக்கையில் மைக், சுரூபத்தின் கையிலுள்ள லீலிப்பூப் போல. சனத்துக்குக் கையசைக்கவேண்டிய வலக்கை ஆசீர்வதிக்கிறது. மேடை வெளிச்சம் என்று நான் பூசிய மஞ்சள், தலையைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. சேட்டுப் போட்ட அந்தோனியார்! மத்தியானத்துக்குள் ஆறு மெழுகுதிரி. ஒருவர் கனடா விசாவுக்கு நேர்த்திக்கடனும் வைத்துவிட்டுப் போனார்.

2. வாய்

பின்னேரம் ரீற்றா அக்கா குடையோடு வந்தார். மதிலை அண்ணாந்து பார்த்தார்.

"உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் வாய் மூடாத மனுசன். செத்தாப்பிறகு நீர் மூடிப்போட்டீர்" என்றார்.  எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தலையைச் சுற்றிய வட்டத்தை நீலம் அடித்து மறைத்தேன். கண்ணையும் கையையும் இறக்கினேன். வாய்தான் வரவில்லை. மூன்று தரம் அழித்தேன். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "அக்கா, எனக்குப் பல்லுக் கீறிப் பழக்கமில்லை. சுரூபங்கள் வாய் திறக்கிறேல்லை."

அவர் குடையை மடக்கி மைக் மாதிரிப் பிடித்தார்.

"நான் மயங்கி விழுந்த கதையை அவர் மேடையிலை சொல்லக் கேட்டிருப்பீர். பொம்பிளை பார்க்க வந்த அண்டு, தன்ரை வடிவைப் பார்த்து நான் விழுந்தனாம். நடந்தது வேறை. உவர் ஸ்ரைலாக் கதிரையிலை சாய்ஞ்சார். அந்தக் கதிரைக்கு ஒரு கால் முதலே உடைஞ்சிருந்தது எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை. மனுசன் விழுந்துபோனார். நிலத்திலை கிடந்தபடியே என்ரை அப்பாவைப் பார்த்து, 'ஓம் மாமா, எனக்குச் சம்மதம்' எண்டார்."

அந்த 'ஓம் மாமா'வை அக்கா மரியானின் குரலிலேயே சொன்னார். சொல்லி முடித்து அவர் சிரித்தார். தலை பின்னுக்குப் போய், வாய் ஒரு பக்கமாக இழுபட்டு, கடைவாய்ப் பல்லும் தெரிய. நான் ஏணியைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். சிரித்தபடியே கீறினேன்.

3. திறப்பு

துணியை இழுத்ததும் முதலில் சிரித்தது சிசிலியா அக்கா. பிறகு தெரு முழுக்க. ரீற்றா அக்கா மட்டும் சிரிக்காமல் மதிலுக்குக் கிட்டப் போனார். 

"தம்பி, உது என்ரை வாயெல்லோ?"

"ஓம் அக்கா."

தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "உவரோடை இருந்து எனக்கும் உந்த வாய் வந்திட்டுது போலை" என்றவர், அதே வாயால் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீரும் வந்தது. துடைக்கவில்லை.

இளம் பிள்ளைகள் என்னிடம் தொழில் பழக்கச் சொல்லிக் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். படத்தை மட்டும் பார்த்து ஆளைக் கீறாதையுங்கோ, அந்த ஆளோடு சிரித்தவர்களையும் போய்ப் பாருங்கோ. நேர்த்தி வைத்த விசாக்காரருக்கும் விசா வந்துவிட்டது. மெழுகுதிரியோடு வந்து, மதிலை நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கமாட்டாமல் அதைப் பற்றவைக்காமலே திரும்பிப் போனார்.