எல்லாருக்கும் ஒரே டேக்

கண்ணகி கோபக்காரி. வடக்குத்து என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை, அடுத்த வீட்டுக்காரியான நான் உட்பட. யாராவது பாட்டைச் சத்தமாக வைத்தால் போதும், வாசலுக்கு வந்துவிடுவாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூடத்தில் தங்கை அகிலா, பேட்டரியிலும் ஓடும் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். முகமூடி நழுவினால் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ள அவள் கைக்குத் தெம்பு கிடையாது.

கண்ணகி பக்கத்து நிலக்கரி மைன்ஸில் அப்ரண்டிஸாக எலக்ட்ரீஷியன் வேலை கற்றவள். பெர்மனன்ட் ஆகவில்லை. அலைந்து அலுத்துப்போய் கம்ப்யூட்டர் படித்து, இப்போது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நோயாளியின் மூச்சைக் கவனிக்கும் பெட்டியை அந்தக் கம்பெனி செய்கிறது. மூச்சு தடுமாறினால் பெட்டி அலறும். அகிலாவின் தலைமாட்டிலும் ஒன்று உண்டு.

மேல்பட்டாம்பாக்கத்து முனவராவின் மகள் இர்ஃபானாவுக்கும் இதே நோய்தான். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தபோது கண்ணகியோடு ஏற்பட்ட பழக்கம். பெட்டியெல்லாம் எதுக்கு என்று தயங்கிய முனவராவிடம், "நான் செஞ்சதும்மா, நம்பி வையி" என்று சொல்லி வைக்கச் செய்தவள் கண்ணகி.

பெட்டியின் உள்விவகாரத்தை எனக்கு அவள் விளக்கியது இப்படி. இருப்பது ஒரே கணினி. அதற்குள் மென்பொருளாலேயே ஆன இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று மூச்சைப் பார்க்கும், மற்றது அலறும். மெமரி இரண்டுக்கும் பொது. ஒன்றிடமிருந்து எடுத்து மற்றதற்குக் கொடுக்கும் வேலை கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளில் உள்ள, டிரைவர் என்கிற ஒரு சின்ன நிரலுடையது. அந்த டிரைவரை எழுதியவள் இவள். கரண்ட் போய்விட்டால் பேட்டரியை மிச்சம்பிடிக்க, வேலை இல்லாத நேரத்தில் பெட்டி தூங்கிவிடும். மூச்சு தடுமாறினால் விழித்துக்கொள்ளும்.

சித்திரை மாதத்து மதியம், கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் லட்சணம் இதுதான். பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த கண்ணகி ஏதோ தோன்றி உள்ளே வந்தாள். முகமூடி அகிலாவின் கழுத்தில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பெட்டி கம்மென்று இருந்தது.

அகிலா பிழைத்துக்கொண்டாள். நடந்தது பிறகுதான் தெரிந்தது. பெட்டி விழித்திருக்கிறது, அலறுவதற்கு மெமரி கேட்டிருக்கிறது, மெமரி கைமாறி முடிவதற்குள் மறுபடி தூங்கியிருக்கிறது. வேலை நடக்கிறது, தூங்காதே என்று அதற்குச் சொல்ல யாருமில்லை.

கண்ணகி அழுதுகொண்டே டிரைவரைத் திருத்தினாள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் பழுது பார்க்க ஆள் இறங்கினால், 'ஓட்டாதே' என்று எழுதிய அட்டையை, டேக்கை, சுவிட்சில் மாட்டுவார்கள். டேக் தொங்கும்வரை பெல்ட் ஓடக் கூடாது. அதேபோல மெமரி வேலை தொடங்கியதும் தூக்கத்துக்குத் தடை போட்டாள். முடிந்ததும் தடை விலகும். சோதித்துப் பார்த்தாள். பெட்டி தூங்கவில்லை.

"சூப்பர் மேடம், இன்னைக்கே எல்லா வீட்டுப் பெட்டிக்கும் அனுப்பிடலாம்" என்றார் மேலாளர் பிரவின்குமார் போனில். அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் நான் முருங்கைக்கீரை கொடுக்கப் போயிருந்தேன். அன்றும் கரண்ட் இல்லை. அகிலா இருமியதில் முகமூடி விலகியது. பெட்டி ஒரே ஒரு தரம் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. பச்சை விளக்கும் அணைந்தது. கண்ணகி பாய்ந்து முகமூடியைச் சரிசெய்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, பெல்ட்டுல நாலு பேரு எறங்குனா நாலு டேக்கு மாட்டணும். அவனவன் டேக்க அவனவன்தான் எடுக்கணும். இது தெரிஞ்சும் நான் எல்லாருக்கும் ஒரே டேக்க மாட்டிக்கினு குந்தியிருக்கேன்."

மெமரி கேட்டு ஒரு கோரிக்கை வந்து, அது முடிவதற்குள் இன்னொன்று வந்தால், முதல் வேலை முடிந்ததுமே தடை விலகிவிடுகிறது. பெட்டி தூங்கிவிட, இரண்டாவது வேலை உள்ளே மாட்டிக்கொள்கிறது. தடையை நீக்குமுன் வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். சாயங்காலத்துக்குள் முடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"எல்லாத்துக்கும் போயிடுச்சு மேடம்" என்றார் பிரவின்குமார். "ஒண்ணு மட்டும் இன்னும் வாங்கல. தூங்குற பெட்டி முழிச்சாத்தான் புதுசை வாங்கும்."

"எந்தூரு?"

"மேல்பட்டாம்பாக்கம்."

கண்ணகி உடனே முனவராவுக்குப் போன் போட்டாள். மூன்றாம் முறை அடித்தபோதுதான் முனவரா எடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கிசுகிசுத்தது.

"மெதுவா பேசுங்கக்கா. இங்க கரண்ட் போயி ரொம்ப நேரமாவுது. நான் அடுப்படியில இருக்கேன். உங்க பெட்டி சத்தமே போடல. பாப்பா இன்னைக்குத்தான் அசையாம தூங்குறா."

"முனவரா, ஓடு! பாப்பாகிட்ட ஓடு!"

அங்கே ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு ஓடும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அகிலா முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.