மல்லாட்டைக்குள் ஒரு முக்கோணம்

அண்ணன் மகள் மெக்கானிக்கல் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் ஏறி இறங்குவதற்குப் பதிலாக, பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் உள்ளே சுற்றுகிறது. நீலம் உள்ளே போகிறது, சிவப்பு வெளியே வருகிறது, பின்னால் டொம் டொம்மென்று இசை. "அத்தை, இது எப்பிடி ஓடுதுன்னு புரியுதா?" என்று கேட்டிருந்தாள்.

நான் அவித்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கையில் இருந்தது இரண்டு பருப்புக் காய். நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அந்த எஞ்சினின் கூடும் இதே வடிவம்தான். புரியுதாவாம். சுர்ரென்று கோபம் வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அப்பனுக்கே தெரியாத கதை அது.

எனக்கும் மெக்கானிக்கல் படிக்கத்தான் ஆசை. "பொட்டப்புள்ள, கையெல்லாம் கிரீஸ் பூசிக்கினு வந்து நிப்பியா?" என்று அண்ணன் சிரித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அத்துடன் பேச்சு முடிந்தது. கணக்குப் படித்தேன். முடித்ததும் செங்கம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலை. எண்பதுகளின் கடைசி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்.

சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்தமும் அடக்கம். கறுப்பு வெள்ளை டிவியில் மாட்ட வேண்டும். எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில் பதிய வேண்டும். திரும்பப் போட்டால் கீ...ய்ங் என்று பல் கூசும் சத்தம் வரும். பக்கத்து மாவு மில் ஓட ஆரம்பித்தால் டிவியில் படம் சுருங்கும். சூடான தூசியும் கம்பு மாவும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் மிக்ஸி சூடாகி அந்த வாசனை வந்தால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

முதலாளி வேலூர்க்காரர். சார் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை வந்து சொன்னார்: "கார்த்திகை தீபத்துக்குப் போடற கண்காட்சியில ஸ்டால் எடுத்திருக்கேம்மா. டிவியில எதுனா சுத்தணும், ஓடணும். சும்மா எழுத்தைக் காட்டினா எவன் நிப்பான்? ஆள் சேரலன்னா மெஷினை வேலூருக்கே எடுத்துக்கினு போயிடுவேன்."

மெஷின் போனால் நானும் வீட்டுக்கு. அங்கே ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் புத்தகங்கள் ஒரு பழைய பேப்பர் கடைக்கு வரும். அங்கே கிடைத்த கார் பத்திரிகை ஒன்றில் இந்த எஞ்சின் படம் இருந்தது. அதையே ஓட்டிக் காட்டுவது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பொய். நாலு வரி அடிப்பேன், எழுந்து நடப்பேன், திட்டுவேன், மறுபடி அடிப்பேன். முக்கோணத்தின் மூலை கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முக்கோணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதன் நடுப்புள்ளி மூன்று சுற்று சுற்றியாக வேண்டும் என்பது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் மண்டையில் ஏறியது. "அட நாயே!" என்று கத்திவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பி முறைத்தார்.

ஒரு வழியாக ஓடியது. நொண்டி நொண்டித்தான், ஆனாலும் ஓடியது. தூவலான புள்ளி பெட்ரோல், நெருக்கமான புள்ளி புகை. பெட்ரோல் ஒரு குழாயில் நுழைந்து, நசுங்கி, வெடித்து, புகையாக இன்னொரு குழாயில் வெளியேறியது.

அப்போதுதான் கட்டட ஓனரம்மா வந்தார். டிவியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இடமா சுத்துது?"

"எஞ்சின்மா. அது எப்பிடி வேணா சுத்தும்."

"சாவு வூட்லதான் இப்பிடி சுத்துவாங்க. மலைய வலம் வர்ற ஊரு இது. தீபத்துல இத்த வெச்சீங்கன்னா ரூமைக் காலி பண்ணிக்குங்க."

கணக்கில் கோணம் இடமாகத்தான் கூடும். படித்ததை அப்படியே போட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து மலையை வலப்பக்கம் வைத்தே நடந்தவள், எனக்கே அது உறைக்கவில்லை.

அன்று வந்திருந்த சார் வெலவெலத்துப் போனார். "கோணத்துக்கு ஒரு மைனஸ் போட்டா திரும்பிடும்ல?"

"திரும்பும் சார். அப்புறம் எஞ்சின் புகையைக் குடிச்சிட்டு பெட்ரோலைத் துப்பும்."

"துப்பட்டும்மா. எவனுக்குத் தெரியப் போவுது?"

"அப்ப மாவு மில்லையும் திருப்பி ஓட்டச் சொல்லுங்க சார். மாவைப் போட்டா கம்பு வருதான்னு பார்ப்போம்."

"உனக்கு வாய் ஜாஸ்திம்மா" என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறிவிட்டார்.

அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கதவுக் கண்ணாடியில் சென்டரின் பெயரைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். உள்ளிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் வலம் இடமாகத் தெரியும். தினமும் பார்ப்பதுதான். அன்று நின்றுவிட்டேன். எஞ்சினை எதற்குத் திருப்ப வேண்டும்? பின்பக்கம் போய் நின்று பார்த்தால் அதே எஞ்சின் வலமாகத்தானே சுற்றும்! குழாய்களும் கூடவே இடம் மாறிவிடும். புகை புகையாகவே போகும். மைனஸைக் கோணத்துக்குப் போடாமல், திரையில் இடம் வலம் சொல்லும் எண்ணுக்குப் போட்டேன்.

கண்காட்சியில் சார் எல்லோரிடமும், "நான்தான் சொன்னேன், ஒரு மைனஸ்தான்னு" என்று பெருமை பேசினார். டிவியைத் தூக்கி அவர் காலில் போடலாம் போல இருந்தது. ஓனரம்மா வந்து, முக்கோணம் ஒரு சுற்று முடிக்கும்வரை பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்துக்குக் குறைவில்லை. முன்னால் நின்ற பொடியன் ஒருவன் கேட்டான்:

"எக்கா, படம் எப்பக்கா போடுவீங்க?"

"இதான் படம்."

"ஹீரோ எங்க?"

"இந்த முக்கோணந்தான். பார்த்துட்டல்ல, நவுரு."

படிக்க ஒருவரும் சேரவில்லை. மெஷின் வேலூர் போனது. "வெச்சிக்கோம்மா, பாட்டாவது பதிஞ்சிக்கலாம்" என்று சார் கேசட்டை என்னிடம் கொடுத்தார். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று அதே புரோகிராமைக் கேசட் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருந்தேன்.

அண்ணன் அதன் மேல் பாட்டுத்தான் பதிந்தான். என் கல்யாணத்துக்கு. கூம்பு ஸ்பீக்கரில் காலையிலிருந்து அதுதான் ஓடியது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது கடைசிப் பாட்டு முடிந்தது. அதற்கு அப்புறம் வந்தது அந்தச் சத்தம். கீ...ய்ங். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். "டேய், ஸ்பீக்கர் பூட்ச்சிடா!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் ஓடினான்.

எனக்குத் தெரியும், அது என் எஞ்சின். பாட்டு எட்டாத கடைசிப் பதிவு. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஆரணிக்காரர். "வுடுண்ணா, ஓடட்டும்" என்று தொண்டைவரை வந்தது. வாய் ஜாஸ்தி என்று பெயரெடுத்தவள், குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டேன். அண்ணன் பட்டனை அமுக்கினான்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். கண்ணாடிக் கதவும் இல்லை, மாவு மில்லும் இல்லை. கேசட் எந்தக் குப்பையில் போனதோ. கிடைத்தாலும் அந்தச் சத்தத்தைப் படமாக்க ஊரில் மெஷின் இல்லை.

அண்ணன் மகளுக்கு "புரியுது" என்று பதில் போட்டேன். மனசு ஆறவில்லை. இன்னொன்றும் அனுப்பினேன்: "ஒங்கப்பாவைக் கேளு. ஓடிக்கினு இருந்த எஞ்சினை அவருதான் நிறுத்தினாரு."