தம்பிக்குச் சோறு தீத்திய அம்மா

எங்கள் அம்மா தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு அண்மையில் பிறந்தவர். வீட்டுக்கு மூத்த பெண்ணாகையால், தான் உண்ணுமுன் தங்கை தம்பியருக்கு ஊட்டி, எங்கள் பேச்சில் தீத்தி, பழகியவர். புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த அப்பாவை மணந்து, அவர் பேராதனைச் சந்திக்கு மாற்றலானபோது கண்டிக்கு வந்தார். ஹந்தானைக்கு ஏறும் வழியில் வாடகை வீடு. குளிரையும் சிங்களத்தையும் ஒருவாறு சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமற் போனது தம்பியின் வாயைத்தான்.

தம்பிக்குச் சோறென்றால் வேப்பங்காய். பேக்கரிப் பாணும் சீனியும் கொடுத்தால் சிரிப்பான். சோற்றுக் கோப்பையைக் கண்டால் கதிரைக்குக் கீழே புகுந்துவிடுவான். பிடித்துத் தீத்தினால் கன்னத்தில் அதக்கிக்கொண்டு எங்களையே பார்த்திருப்பான். நாலு அடி போட்டுத் தீத்தச் சொன்னவர்களும் உண்டு. அம்மா எவர் பேச்சையும் கேட்கவில்லை. பிடிவாதத்தில் தாயும் மகனும் ஒரே அச்சு.

ஊர் வழக்கப்படி சோற்றைப் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்துக் கையில் வைப்பார். ஒவ்வோர் உருண்டையும் ஒரு ஸ்டேசன். கண்டியில் ஏறினால் பொல்காவலையில் மாற வேண்டும். பிறகு மாகோ, அநுராதபுரம், வவுனியா என்று கொடிகாமம் வரை. உள்ளே ஒரு பயணியும் ஒளிந்திருப்பார்: பொரித்த உருளைக்கிழங்கு அல்லது வடகத்துண்டு. ஸ்டேசனின் பெயரைச் சொல்லிக் "கூ" என்று கூவினால்தான் உருண்டை கைக்கு வரும். தம்பி தொண்டை கிழியக் கூவுவான், கூவிய வேகத்திலேயே விழுங்குவான். எங்கள் சாப்பாட்டு நேரம் அயலுக்கெல்லாம் தெரியும். அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பில் தமிழரைத் தாக்குகிறார்கள் என்று செய்தி வந்ததும், தமிழச்சியென்று தெரியாதிருக்க அம்மா பொட்டை அழித்துவிட்டுக் கடைக்குப் போனார். வழக்கமாகக் கதை கேட்கும் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் சாமானைக் கட்டிக் கொடுத்து, "வெளிய நிக்காம வீட்டுக்குப் போங்க" என்றார். மறுநாள் முற்பகல் பட்டணப் பக்கம் கரும்புகை எழுந்தது. வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா சிங்களவர். வேலியைப் பிரித்து வந்து, அம்மாவையும் எங்கள் இருவரையும் இழுத்துச்சென்று, விறகு அடுக்கிய அறைக்குள் விட்டுப் பூட்டினார். மதியம் சிவப்பரிசிச் சோறும் பருப்பும் யன்னலால் தந்தார். நாலு வயதுத் தம்பி பசியில் சிணுங்கினான். அம்மா பழக்கதோசத்தில் உருண்டை பிடித்துவிட்டார். தம்பி அதைக் கண்டதுதான் தாமதம்:

"பொல்காவலை! கூ...!"

தமிழர் வீடுகளைத் தேடி வந்து, வாசற் படலையடியில் பேசிக்கொண்டு நின்ற ஆட்களின் பேச்சு நின்றது. "கவுத ஏ?" யாரது என்று ஒருவன் அதட்டினான். தன் மகன் றெயில் விளையாடுகிறான் என்று குசுமா அக்கா சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அவர்கள் போகவில்லை, மதிலோரம் நிழலில் குந்திவிட்டார்கள். பொல்காவலை எல்லாருக்கும் பொதுவான ஊர். கொடிகாமம் அப்படியல்ல, அது தமிழ் ஊர். தம்பியோ அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

அம்மா அவன் காதோடு வாயை வைத்தார். "ராசா, சிக்னல் விழேல்லை. றெயின் நிக்குது. இப்ப கூவக் கூடாது."

"எப்பம்மா விழும்?"

"அம்மா சொல்லுவன்."

தம்பி உருண்டையை வாங்கிச் சத்தமில்லாமல் மென்றான். அடுத்ததையும் வாங்கினான். கண்கள் மட்டும் அம்மாவின் முகத்தில் இருந்தன. கோப்பை வெறுமையாகும்வரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த ஆட்கள் எழுந்து போன பின்னரும் சிக்னல் விழுந்ததென்று சொல்ல அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது?

அப்பா உயிரோடு வந்தார். வீடு எரிந்துபோயிருந்தது. அகதி முகாமில் தம்பி போட்டதைத் தின்றான். வேண்டாமென்று சொல்லவுமில்லை, கூவவுமில்லை. "பிள்ளை திருந்தீட்டான்! என்ன செய்தனீங்கள்?" என்று உறவினர் கேட்டால், அம்மா எழுந்து போய்விடுவார். பிறகு எத்தனையோ தரம் உருண்டை பிடித்து, "சிக்னல் விழுந்திட்டுது ராசா, கூவு" என்று கெஞ்சிப் பார்த்தார். தம்பி தலையாட்டிவிட்டு விழுங்கினான். போர்க்காலம் முழுதும், எவராவது கதவைத் தட்டினால் அவன் மெல்லுவது நின்றுவிடும். பெரியவனாகி மணமுடித்த பின்னரும், உப்பில்லாவிட்டாலும் தின்று கோப்பையைக் கழுவி வைப்பான். மருமகளுக்கு அது நல்ல குணமாகத் தெரிந்தது. "அவன் ஒருக்கால் அடம்பிடிச்சானெண்டா எனக்கு நிம்மதி" என்று அம்மா என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த நிம்மதி கிடைக்காமலே, இரண்டு மாத நோயின் பின் கண்டியிலேயே கண்மூடினார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பொல்லூன்றி வந்து அம்மாவின் தலைமாட்டில் இருந்த குசுமா அக்காவுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அம்மாவுக்குப் படைத்துவிட்டுப் பந்தியில் சோறு போட்டபோது, தம்பி இலையைத் தள்ளிவிட்டு, "எனக்குச் சோறு வேண்டாம்!" என்று வீடு அதிரக் கத்தினான். அப்போது அவனைத் தேற்றவோ வற்புறுத்தவோ வராமல், அவன் கத்தி முடிக்கும்வரை பேசாமல் இருந்த உறவுகளே, உங்களுக்கு எங்கள் அம்மாவின் பேரால் நன்றி.