தைல வாசம்

எங்கள் வீட்டில் எந்த நோவுக்கும் தைலம்தான். சளி பிடித்தாலும் தைலம், கால் சுளுக்கினாலும் தைலம். அண்ணனுக்கு இருபது வயதில் மனச்சிதைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அம்மா தன் வைத்தியத்தை விடுவாளா? அவன் தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் போதும், நெற்றியிலும் நெஞ்சிலும் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள்.

தேய்த்ததும் கத்துவான். சித்தப்பா வந்துவிட்டார், கதவைத் திற என்று சுவரோடு ஒண்டுவான். சித்தப்பா செத்து எத்தனையோ வருஷமாகிறது. செத்தவரைப் பார்க்கிறான் என்று டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். ஐம்பதை நெருங்குகிறவன் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்றுதான் தெரியாது.

போன மழைக்காலத்தில் அட்டுவம்பட்டியே கேட்கும்படி கத்தினான். அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தது. மலைக்குக் கீழே ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டுமாம். டவுனுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம்.

அவர் சீட்டு எழுதவில்லை. கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார். தைலம் தேய்த்தேன், சித்தப்பா வந்துவிட்டார் என்று கத்தினான் என்றாள் அம்மா. அந்தச் சித்தப்பா என்ன வேலை பார்த்தார் என்றார். யூகலிப்டஸ் தைலம் காய்ச்சினார் என்று நான்தான் சொன்னேன். அம்மா தேய்ப்பதும் அதே தைலம்தான். சிலோனிலிருந்து வந்து போக்கிடமில்லாமல் நின்ற எங்களுக்கு வீடு கொடுத்தவர் அவர். நான் அப்போது கைக்குழந்தை.

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"தைலம் காய்ச்சுற கொட்டகைக்குள்ள இவனை வெச்சுப் பூட்டிருவாருங்க. அடி மட்டுமில்ல, அசிங்கமும் பண்ணிருக்காரு. இவன் அப்பவே வந்து சொன்னான். பொய் சொல்றேன்னு நான்தான் வாயைப் பொத்துனேன். அவரை விட்டா எங்களுக்கு யாருங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். நோய் இதனால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் அந்த வாசம் இனி வீட்டில் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. காப்பகப் பேச்சையும் இப்போதைக்கு விடச் சொன்னார்.

இத்தனையும் நடந்தபோது அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் எதுவும் ஏறாது என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம். திரும்பும் பஸ்ஸில், நாயுடுபுரம் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த அம்மாவின் தோளைத் தொட்டான்.

"அம்மா, அப்ப நான் பொய் சொல்லலதானே?"

இல்லண்ணே என்று நான் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா சொல்வதற்காகக் காத்திருந்தான்.